ஆர்32 ஜிடிஆர்: முப்பது வருஷத்து இக்னிஷனை மாத்தப் போறேன், காயில் மட்டும் போதுமா?

ஊதாசிக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1991 நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர், ஆர்32. எஞ்சின் ஆர்பி26, இதுவரை பிரிச்சதில்ல. டர்போ ரெண்டும் ஒரிஜினல். பூஸ்ட் (டர்போ தர்ற கூடுதல் காற்றழுத்தம்) லைன்ல, அதை மட்டுப்படுத்துற ரெஸ்ட்ரிக்டரை முன்னாடி வெச்சிருந்தவரே எடுத்துட்டார், அதனால இப்ப 1 பார் வரைக்கும் ஏறுது. ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணினது.

பிரச்சினை இதுதான். ஐடில் வெண்ணெய் மாதிரி இருக்கு. அரை த்ராட்டில்ல எந்தக் குறையும் இல்ல. மூணாவது, நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா 4,800 ஆர்பிஎம் பக்கத்துல மிஸ் அடிக்க (சிலிண்டர் எரியாம விட) ஆரம்பிச்சு, ரெட்லைன் வரைக்கும் விட்டு விட்டு அடிக்குது. பிளக் கேப்பை (பொறி தாவுற இடைவெளி) 1.1 மி.மீ.யில இருந்து 0.8-க்குக் குறைச்சேன், நல்லாவே குறைஞ்சது. ஆனா முழுசாப் போகல.

நடு கவரைக் கழட்டிப் பார்த்தேன். ரெண்டு காயிலோட (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிறது) உடம்புல முடி அளவுக்கு வெடிப்பு. காயிலை பிளக்கோட சேர்க்கிற ரப்பர் பூட் ஒண்ணோட உள்பக்கம், மேலிருந்து கீழ வரைக்கும், பென்சில்ல கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத் தடம். கனெக்டர் பூட்டை நகத்தால தொட்டதுமே உடைஞ்சு கையோட வந்துடுச்சு. வயரை மடக்கினா மேல்தோல் பொடியா உதிருது.

ஆர்35 (பின்னால வந்த ஜிடிஆர்) காயில் கிட் போடலாம்னு இருக்கேன். காயில் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல இக்னைட்டர் (காயில் கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ற பெட்டி), ஹார்னஸ் (வயர் கட்டு), ஈசியூ எல்லாத்திலயும் கை வைக்கணுமா? செஞ்சவங்க சொல்லுங்க.

---

மின்பொறி

கேப்பைக் குறைத்ததும் மிஸ் குறைந்தது என்பது நல்ல துப்பு. ஏன் என்று சொல்லிவிட்டு, அடுத்து எதைச் சோதிப்பது என்று பார்ப்போம்.

ஒரு இடைவெளியில் பொறி தாவ எவ்வளவு வோல்டேஜ் தேவை என்பது, வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. 1889-இல் பாஷென் கண்டறிந்த விதி இது. 1 பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம். சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அடர்த்தியும் அதற்கேற்ப கூடுகிறது, பொறிக்கான வோல்டேஜும் கூடவே ஏறுகிறது. காயிலால் அதை எட்ட முடியாதபோதோ, எட்டுவதற்குள் பூட் வழியாக ஹெட்டுக்கு ஒழுகிவிடும்போதோ மிஸ் அடிக்கும். நீங்கள் பார்த்த அந்தச் சாம்பல் கோடு அப்படி ஒழுகிய தடம்தான். அந்தப் பூட் இனி உதவாது. துடைத்துவிட்டு மாட்டினாலும் கரி படிந்த பாதையிலேயே திரும்பவும் ஓடும்.

ஆனால் காயில் கிட்டுக்கு ஆர்டர் போடும் முன் இன்னொன்றைப் பார்க்கச் சொல்வேன். காயிலில் சேமிக்கப்படும் சக்தி, ஓடும் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. சார்ஜ் ஆகும் நேரம் மாறாமல் இருந்தால் கரண்ட் சப்ளை வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 14 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் சக்தியில் 4-இல் 1 பங்குக்கும் மேல் போய்விடுகிறது. முப்பது வருஷத்து வயர், இக்னிஷன் சுவிட்ச், நடுவில் இருக்கிற கனெக்டர்கள் என எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் தின்னும். புதுக் காயிலை அதே வயரில் மாட்டினால் அதற்கும் அந்த 12 வோல்ட்தான் கிடைக்கும்.

சோதனை எளிது. எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்ட நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை காயில் கனெக்டரின் சப்ளை பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைகிற வோல்ட். எர்த் பக்கமும் இதேபோல், பேட்டரி நெகட்டிவுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். காயில் சார்ஜ் ஆகி முடிகிற கணத்தில் இழப்பு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

காயிலை ஓம் மீட்டரில் வைத்து "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்சுலேஷன் உடைவதை ஓம் மீட்டரால் பார்க்க முடியாது. அது சூட்டிலும் ஆயிரக்கணக்கான வோல்ட்டிலும்தான் வெளியே வரும்.

---

நேர்வரிசை

தம்பி, 1 பார்னு படிச்சதும் எனக்கு இக்னிஷனுக்கு முன்னாடி டர்போ ஞாபகம்தான் வந்தது. அந்த ஒரிஜினல் டர்போவுல டர்பைன் சக்கரம் செராமிக். 1 பார்தான் அதுக்கு விளிம்பு. மிஸ் போனதும் உற்சாகத்துல பூஸ்ட்டை இன்னும் ஏத்திடாதீங்க.

அடுத்து, ஆர்35 காயிலைத்தான் போட்டாகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. தொழிற்சாலை பூஸ்ட்டுக்கும் அதுக்குக் கொஞ்சம் மேலயும் ஒரிஜினல் வடிவக் காயிலே புதுசா இருந்தா போதும். இந்த எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, 1989-லயே சிலிண்டருக்கு ஒரு காயில்னு வந்தது. அதோட வடிவமைப்புல குறை இல்ல, வயசுதான் குறை. 2017 கடைசியில நிஸ்மோ ஹெரிடேஜ்னு ஆர்32-க்கு மறுபடி பாகங்கள் தயாரிக்க ஆரம்பிச்சப்ப ஹார்னஸும் அதுல வந்தது. மற்றதைவிட முன்னாடி எது தேவைப்படும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

வண்டியை ஒரிஜினலா வெச்சுக்க ஆசைன்னா புதுக் காயில், புது இக்னைட்டர், புது ஹார்னஸ். இதுக்கு ஈசியூவுல கை வைக்கவே வேண்டாம். பின்னால எப்பவாவது விற்கிறப்ப கேள்வியும் வராது.

பிளக் கிணத்துல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. காம் கவர் கேஸ்கெட் கசிஞ்சு உள்ள இறங்கியிருந்தா, எந்தப் பூட் போட்டாலும் ரப்பர் ஊறி மெத்துனு ஆயிடும். முதல்ல கேஸ்கெட், அப்புறம்தான் காயில்.

---

டைனோவாசி

அண்ணன் சொல்றதை மதிக்கிறேன், ஆனா எனக்கு வேற கருத்து. பூஸ்ட் ஏத்தின ஆர்பி26-க்கு நான் ஆர்35 காயில்தான் சொல்வேன். காரணம் "பெரிய பொறி"ங்கிறது இல்ல. இக்னைட்டர் காயிலுக்குள்ளயே இருக்கு. ஹெட்டுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா சூட்டுல வெந்த அந்தப் பழைய பெட்டி மொத்தமா வெளிய போயிடும், அதோட ரெண்டு பெரிய கனெக்டரும் போயிடும். கெட்டுப்போற இடம் எத்தனை குறையுதோ அத்தனைக்கு நிம்மதி.

ஆனா மூணு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க.

எர்த். இந்தக் காயிலுக்கு சப்ளை, எர்த், சிக்னல்னு மூணு வயர். பழைய காயில்ல கரண்ட் இக்னைட்டர் வழியா எர்த்துக்குப் போச்சு, இப்ப ஒவ்வொரு காயிலும் தானே எர்த் பண்ணுது. அந்த ஆறு எர்த்தையும் சேர்த்து ஹெட்டுலயே, சுரண்டி சுத்தம் பண்ணின இடத்துல போல்ட் போடுங்க. பாடிக்கு நீளமா இழுத்துட்டுப் போகாதீங்க. ஈசியூவோட சென்சார் எர்த்துல சேர்க்கவே கூடாது.

ட்வெல். காயில் எவ்வளவு நேரம் சார்ஜ் ஆகணும்ங்கிற கணக்கு. குறைஞ்சா பொறி பலவீனம், கூடினா காயில் வெந்து சாகும். பேட்டரி வோல்டேஜுக்குத் தக்கபடி இது மாறணும், ஸ்டார்ட் பண்றப்ப வோல்டேஜ் கீழ இறங்குறதால நேரம் கூடுதலா வேணும். ஈசியூ தயாரிப்பாளரோ காயில் தயாரிப்பாளரோ கொடுக்கிற டேபிளைப் போடுங்க. வேற எஞ்சினோட ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டாதீங்க. ரீமேப் பண்ணின ஈசியூவுல ட்வெல் எட்டாத இடத்துல இருந்தா, அந்த கிட் உங்க ஈசியூவோட ட்வெலுக்கு ஒத்து வருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

எட்ஜ். தனி ஈசியூ போடுறவங்களுக்கு இது. சிக்னல் விழும்போது பொறி வரணுமா, ஏறும்போதான்னு ஒரு செட்டிங் இருக்கும். தப்பா வெச்சா காயில் சுற்று முழுக்க சார்ஜ்லயே இருக்கும், சாவியைப் போட்டு வெச்ச கொஞ்ச நேரத்துல கை வைக்க முடியாத சூடு. காயில் சப்ளை ஃபியூஸை எடுத்துட்டு செட்டிங்கை முதல்ல சரிபாருங்க.

---

இசட்காரன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்னோடது நிசானோட பழைய 240இசட், எல்24 எஞ்சின், இன்னும் பாயின்ட்தான் (காயில் கரண்ட்டைத் திறந்து மூடுற கான்டாக்ட்). 5,500-க்கு மேல மூச்சு வாங்குது. இதுக்கும் சிலிண்டருக்கு ஒரு காயில் போட முடியுமா? அது தேவைதானா?

---

நேர்வரிசை

போட முடியும். ஆனா கிராங்க்ல ட்ரிகர் சக்கரம், சென்சார், தனி ஈசியூ எல்லாம் சேர்ந்து வரும். கார்புரேட்டரை வெச்சிருக்கிற வரைக்கும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

உங்க பிரச்சினை நேரம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு சுற்றுக்கு ஒரு பொறி. 7,000 ஆர்பிஎம்ல ரெண்டு சுற்று 17 மில்லி விநாடி. ஒரே காயில் ஆறு சிலிண்டரையும் பார்க்கிறப்ப ஒவ்வொண்ணுக்கும் 2.9 மில்லி விநாடிதான் கிடைக்கும். அதுலயும் பாயின்ட் மூடியிருக்கிற நேரம்தான் சார்ஜ் நேரம். 60 டிகிரியில 38 டிகிரி ட்வெல்னா 1.8 மில்லி விநாடி. காயில் பாதி நிறையறதுக்குள்ள அடுத்த பொறிக்கு நேரமாயிடும். பாயின்ட் ஸ்பிரிங் தளர்ந்து துள்ள ஆரம்பிச்சா அதுவும் குறையும். சிலிண்டருக்கு ஒரு காயில்னா அந்த 17 மில்லி விநாடியும் அதுக்கே. 3 மில்லி விநாடி சார்ஜ் பண்ணிட்டு மிச்ச நேரம் ஆறலாம்.

உங்களுக்கு நான் சொல்றது 280இசட்எக்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர். பக்கவாட்டுல சின்ன மாட்யூல் ஒட்டியிருக்கும், பாயின்ட் கிடையாது. பல இசட் வண்டியில இது உட்கார்ந்திருக்கு. அதுக்கு 0.8 ஓம் பக்கத்துல இருக்கிற காயில் போடணும், காயில் கரண்ட்டைக் குறைக்கிற பேலஸ்ட் ரெசிஸ்டரை விலக்கி நேரடி சப்ளை கொடுக்கணும். இதை அப்படியே தலைகீழா செஞ்சிடாதீங்க. பாயின்ட்டை வெச்சுக்கிட்டு 0.8 ஓம் காயிலைப் போட்டு பேலஸ்ட்டையும் எடுத்தா, 17 ஆம்பியர் வரைக்கும் இழுக்கப் பார்க்கும், பாயின்ட் முகம் கருகிப்போகும்.

240இசட்டோட டேகோமீட்டர் காயிலுக்குப் போற கரண்ட்டை வெச்சு எண்ணுது. சப்ளை வயரை மாத்தி இழுக்கிறப்ப அந்தச் சுற்றை விட்டுட்டா முள் அசையாது. வயரிங் படத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

---

ஊதாசிக்ஸ்

மின்பொறி அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே அளந்தேன். பேட்டரியில 14.1. காயில் கனெக்டர்ல 12.6. நடுவுல 1.5 வோல்ட் காணாமப் போகுது! எர்த் பக்கம் 0.1-க்கும் கீழ, அது பரவாயில்ல.

பிளக் கிணத்துல எண்ணெய் மூணாவதுல மட்டும் இருந்தது. சாம்பல் தடம் விழுந்த பூட்டும் அதே மூணாவதுதான். கேஸ்கெட் வாங்கியாச்சு.

---

மின்பொறி

1.5 வோல்ட் பெரிய இழப்பு. காயிலுக்குத் தனி ரிலே போடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அதிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து காயில்களின் பொது சப்ளை. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய சப்ளை வயர் ரிலேயை இயக்க மட்டும் போதும். அதற்குச் சிறு கரண்ட்தான் என்பதால் 12.6 இருந்தாலும் பாதகமில்லை. ரிலேயை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள்.

இதைச் செய்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் ஒரு ஓட்டம் பாருங்கள். பிறகு மூன்றாவது காயிலை பூட்டோடு சேர்த்து ஐந்தாவதுக்கு மாற்றி இன்னொரு ஓட்டம். மிஸ் காயிலோடு இடம் மாறினால் குற்றவாளி அதுதான். மாறாமல் மூன்றிலேயே நின்றால் வயரையோ இக்னைட்டரையோ பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வண்டி சரியாகலாம், ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை மிஸ் அடிக்கும்போது திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மிஸ் எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் அழுத்தம் உச்சத்தில் இருப்பது டார்க் உச்சத்தை ஒட்டித்தான். அங்கே தொடங்கி மேலே போகப் போகக் குறைந்தால் தேவைப்படும் வோல்டேஜ் எட்டவில்லை என்று பொருள். ஆர்பிஎம் ஏற ஏற மோசமாகிக்கொண்டே போனால் ட்வெல், சப்ளை, அல்லது காம் ஆங்கிள் சென்சார் (காம் சுழலும் கோணத்தை ஈசியூவுக்குச் சொல்வது) பக்கம் திரும்ப வேண்டும்.

---

டைனோவாசி

இதோட இன்னொண்ணு. மிஸ் அடிக்கிறப்ப எரியாத காற்று அப்படியே எக்ஸாஸ்ட்டுக்குப் போகும், வைட்பேண்ட் சென்சார் அதுல இருக்கிற ஆக்சிஜனைப் பார்த்து லீன்னு (பெட்ரோல் குறைவுன்னு) காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டுறவங்களை நிறைய பார்த்திருக்கேன். கூட்டினா பிளக் நனைஞ்சு மிஸ் இன்னும் கூடும், மீட்டர் இன்னும் லீன் காட்டும், அவங்க இன்னும் கூட்டுவாங்க. இக்னிஷன் சுத்தமாகிற வரைக்கும் ஃபியூயல் மேப்பைத் தொடவே கூடாது. உங்க ரீமேப்ல முன்னாடியே யாராவது இப்படிக் கூட்டி வெச்சிருக்கலாம், அதனால இக்னிஷன் சரியானதும் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) பார்த்துடுங்க.

---

சீன்லென்ஸ்

பிளக் பத்தி யாரும் பேசலையே. இரிடியமா, சாதாரண நிக்கலா?

---

டைனோவாசி

இரிடியத்தோட நடு எலக்ட்ரோடு மெலிசு, அதனால பொறி தாவ வோல்டேஜ் கொஞ்சம் குறைவாப் போதும், தேய்மானமும் மெதுவா. நிக்கல் பிளக்கை அடிக்கடி மாத்துறவங்களுக்கு அதுவும் நல்லாவே ஓடும். ட்யூன் பண்றப்ப நான் நிக்கல்தான் போடுவேன், வேலை முடிஞ்சப்புறம் இரிடியம்.

கேப்பை விடவும் ஹீட் ரேஞ்ச்ல (பிளக் சூட்டை எவ்வளவு வேகமா கடத்தும்ங்கிறது) கவனமா இருங்க. என்ஜிகே, டென்சோவுல நம்பர் ஏற ஏற பிளக் குளிர்ந்தது. பாஷ்ல தலைகீழ், நம்பர் ஏறினா சூடானது. ஒரு கம்பெனியில இருந்து இன்னொண்ணுக்கு மாறுறப்ப நம்பரைப் பார்த்து வாங்கினா வெடிச்சத்தம் கேட்கும், பிஸ்டன் போகும். 1 பார் ஓட்டுற ஆர்பி26-க்கு என்ஜிகேயில 7, கேப் 0.8. நம்பருக்குப் பின்னாடி 11-னு இருந்தா அது 1.1 மி.மீ. கேப், அது வேண்டாம். பெயருக்கு நடுவுல ஆர் எழுத்து இருக்கிறதையே வாங்குங்க, உள்ள ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம். அது இல்லாத பிளக்ல இருந்து வர்ற மின் இரைச்சல் சென்சார் சிக்னல்ல கலக்கும்.

14 மி.மீ. பிளக், அலுமினிய ஹெட், இறுக்க வேண்டிய அளவு: 25-இல் இருந்து 30 நியூட்டன் மீட்டர். எஞ்சின் ஆறினப்புறம்தான் கழட்டணும். மரையில கிரீஸ் வேண்டாம். மலிவா கிடைக்குதுன்னு பெயர் தெரியாத ஆள்கிட்ட வாங்காதீங்க, போலி பிளக் நிறைய சுத்துது.

---

ஊதாசிக்ஸ்

ரிலே போட்டாச்சு, கேஸ்கெட்டும் மாத்தியாச்சு. காயில் கனெக்டர்ல இப்ப 13.9.

பழைய காயிலோடயே ஓட்டிப் பார்த்தேன். 5,500-க்கு மேல அடிச்சிட்டிருந்த மிஸ் சுத்தமா போயிடுச்சு. 4,800 பக்கத்துல மட்டும், பூஸ்ட் முழுசா ஏறுற இடத்துல, ஒரு சிலிண்டர் மாதிரி தனியா "டப்"னு ஒண்ணு. மூணையும் அஞ்சையும் மாத்தினேன். இப்ப அஞ்சாவது பிளக்தான் கருப்பா நனைஞ்சு வருது, மூணாவது காபி நிறத்துல சுத்தமா இருக்கு.

ரெண்டு தனித்தனிக் குறை ஒண்ணா இருந்திருக்கு. காயிலை மட்டும் மாத்தியிருந்தா கீழ அடிக்கிற மிஸ் போயிருக்கும், மேல அடிக்கிறது அப்படியே இருந்திருக்கும், நானும் புதுக் காயில்ல குறைன்னு தேடிட்டிருந்திருப்பேன்.

நேர்வரிசை அண்ணா, ரெண்டு ராத்திரி யோசிச்சும் ஆர்35 காயிலுக்கே போறேன். பழைய காயில், இக்னைட்டர், ஹார்னஸ் எதையும் தூக்கிப்போட மாட்டேன், பெட்டியில பெயர் எழுதி வெச்சுடறேன். ட்வெல் பத்தி கிட் விக்கிறவர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டேன்.

---

நேர்வரிசை

உங்க வண்டி, உங்க முடிவு தம்பி. காரணத்தைக் கண்டுபிடிச்சு மாத்துறீங்க, எனக்கு அது போதும். பழையதைப் பத்திரமா வைங்க.

காயில் மாத்தின கையோட பேஸ் டைமிங்கை (பொறி விழுற அடிப்படைக் கோணம்) பார்த்துடுங்க. ஆர்பி26-க்கு ஐடில்ல 20 டிகிரி. ஹார்னஸ்ல டைமிங் லைட்டுக்குன்னு ஒரு வளைய வயர் இருக்கும், அதை நம்பாதீங்க, லைட்டைப் பொறுத்து அளவு தள்ளிக் காட்டும். முதல் சிலிண்டர் காயிலைத் தூக்கி, காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவுல ஒரு பிளக் வயரைப் போட்டு அதுல கிளாம்ப் பண்ணுங்க.

லைட்டைப் பிடிச்சிருக்கிறப்ப குறி ஒரே இடத்துல நிக்குதா, நடுங்குதான்னும் பாருங்க. எக்ஸாஸ்ட் காம் முனையில இருக்கிற காம் ஆங்கிள் சென்சார்ல 360 துளை போட்ட தகடு ஒண்ணு சுத்துது. அது காமோட சேர்ற இடம் தேய்ஞ்சிருந்தா குறி ரெண்டு மூணு டிகிரி ஆடும்.

---

ஊதாசிக்ஸ்

முடிஞ்சது. ஆறு எர்த்தும் ஹெட்டோட பின்பக்க போல்ட்டுல, மணல்தாள் போட்டுத் தேய்ச்ச இடத்துல. நடு கவர் மேல உட்கார பிராக்கெட்டைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது.

1 பார்ல, நாலாவது கியர்ல, 3,000-ல இருந்து ரெட்லைன் வரைக்கும் ஒரே இழுவை, ஒரு விக்கல்கூட இல்ல. கேப் 0.8-லயே விட்டிருக்கேன். ஏஎஃப்ஆர் பார்த்தா டைனோவாசி சொன்னதேதான், முன்னாடி யாரோ கூட்டி வெச்சிருக்காங்க. மேல 10.4 வரைக்கும் இறங்குது. ட்யூனரைப் பார்க்கணும்.

பேஸ் டைமிங் 18-ல இருந்தது, 20-க்குக் கொண்டுவந்தேன். ஆனா ஐடில்ல குறி ஒரு டிகிரி அளவுக்கு ஆடுது, 3,000-க்கு மேல நின்னுடுது. சென்சாரை இப்பவே கழட்டிப் பார்க்கணுமா?

---

மின்பொறி

ஐடிலில் ஒரு டிகிரி ஆடினால் அது ஈசியூ ஐடிலை நிலைநிறுத்த டைமிங்கை அசைப்பதாலும் வரலாம். த்ராட்டில் சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி லைட் பிடியுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சென்சாரைத் தொட வேண்டாம். நிற்கவில்லையென்றால் டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த இணைப்பையும் சேர்த்துப் பாருங்கள், எப்படியும் அந்தப் பக்கம் திறக்கத்தான் போகிறீர்கள்.